பாட வந்தவள்

செத்துப்போன ஜெசிந்தா, கிறிஸ்மஸ் பாட்டுப் பழக்கத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வாடைக்காற்று தள்ளி ஒருக்களித்து வைத்திருந்த கோயில் கதவின் சந்து வழியாக உள்ளே வந்து, பாடகர் குழுவின் இரண்டாம் குரல் வரிசையில், சீலியாவுக்கும் மரியபுஷ்பத்துக்கும் நடுவே தனக்குரிய பழைய இடத்தில் போய் நின்றபோது, ஆர்மோனியத்தில் குனிந்திருந்த பியூஸ் வாத்தியார் தலையை நிமிர்த்தாமலே, "எப்பவும்போல லேட்டு" என்று சொல்லிவிட்டுச் சுருதியைக் கூட்டினார். பாட்டின் நடுவில்தான் அவள் செத்தவள் என்பது அவருக்கு நினைவு வந்தது. ஆனால் பாட்டை நடுவில் நிறுத்துவது அவருக்கு ஆகாத காரியம். தவிர, ஜெசிந்தா ஓடிப்போனதிலிருந்து ஓட்டை விழுந்த பாத்திரம்போல ஒழுகிக்கொண்டிருந்த இரண்டாம் குரல் அன்றைக்குத்தான் நிறைந்து வந்தது. அதனால் அவர் கடைசி ஆமென் வரைக்கும் போய்விட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நாளைக்கும் வருவியா?" என்று கேட்டார். "வாரேன் வாத்தியாரே" என்றாள் அவள்.

கல்முகத்துறை ஒரு கடற்கரை ஊர். கடலுக்குப் போனவர்கள் வராமல் போவதற்குப் பழகிய அந்த ஊருக்கு, போன ஒருத்தி வந்து நிற்பதற்குப் பழக அதிக நாள் பிடிக்கவில்லை. மறுநாள் காலையில் கிணற்றடியிலும் மீன் ஏலம் போடுகிற மணலிலும் அதைத்தான் பேசினார்கள் என்றாலும், பேசியது அவள் எப்படி வந்தாள் என்பதைப் பற்றியல்ல, அவளுக்கு இந்த வருஷத்துப் பாடகர் குழுச் சேலை உண்டா இல்லையா என்பதைப் பற்றி. பங்குப் பேரவை கூடி உண்டு என்று முடிவு செய்தது. ரவிக்கை தைக்கிற லில்லிபாய் அளவு எடுக்கப் போனாள். நாடாவைச் சுற்றினால் நாடா எதன்மேலும் படியாமல் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டது என்றும், கடைசியில் பழைய அளவையே வைத்து வெட்டினேன் என்றும், சொன்னால் நம்பமாட்டீர்கள், அச்சாகப் பொருந்தியது என்றும் பின்னால் எல்லோரிடமும் சொன்னாள். பங்குச் சாமியார் ரெமிஜியுஸ் தமக்கு மேலான மேற்றிராணியாரிடம் ஆலோசனை கேட்டுவிட்டு, பதில் வராததால், ஆசீர்வாதம் கொடுக்கலாம், நற்கருணையான நன்மை கொடுக்கக் கூடாது என்று தானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டார். அவளும் நன்மை வாங்க வரிசைக்கு வரவில்லை.

புருஷனையும் பிள்ளையையும் கடலில் விட்ட பெண்கள் அவளைத் தேடி வந்தார்கள். எங்க வீட்டு ஆளைப் பாத்தியா, சிவப்புச் சட்டை போட்டிருப்பார். எம் மவனப் பாத்தியா, இடது புருவத்துல வெட்டுக்காயம் இருக்கும். ஜெசிந்தா ஒவ்வொருத்தியின் முகத்தையும் பொறுமையாகப் பார்த்து, "யாரையும் பாக்கல சித்தி. கொடி எறக்குன மறுநாள் திருவிழா மைதானம் எப்படி இருக்கும், அப்படி இருக்கு. யாரோ இருந்த மாதிரி இருக்கும், யாரும் இருக்க மாட்டாவ" என்றாள். அந்தப் பெண்கள் அழவில்லை. பொய் சொல்லாத ஒருத்தி வந்திருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டு, அவளுக்கு உட்கார ஒரு பாய் போட்டுவிட்டு, தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

எதற்காக வந்திருக்கிறாள் என்ற கேள்வியை மட்டும் யாரும் அவளிடம் கேட்கவில்லை, ஏனென்றால் பதில் தங்களுக்குத் தெரியும் என்று ஊர் முழுக்க நினைத்தது. கிறிஸ்மஸுக்கு ஆவி வந்தால், அது கல்நெஞ்சுக்காரர் ஒருவரின் மனசைத் திருப்பத்தான் வரும். கல்முகத்துறையில் கல்நெஞ்சு என்றால் அது ஐஸ் கம்பெனி மெற்றில்டாதான். ஜெசிந்தாவைப் பெற்றவள்.

மெற்றில்டாவிடம் இதை ஒருவரும் சொல்லவில்லை. மகள் பேரை அவள் காதுபட உச்சரிப்பதை ஊர் விட்டு வெகுநாளாகியிருந்தது. புருஷன் கஸ்பார் மாரடைப்பில் போனபிறகு ஐஸ் கம்பெனியைத் தனியாளாகத் தூக்கி நிறுத்தியவள் அவள். அம்மோனியா நெடிக்கு மூக்கைச் சுளிக்காதவள். விசைப்படகு ஓட்டும் லாஞ்சிக்காரர்கள் எவ்வளவு கெஞ்சினாலும் வரிசை மாற்றி ஒரு பார் ஐஸ் கொடுக்காதவள். அதே சமயம் உருகின பாரை நல்ல பார் என்று ஒருநாளும் தள்ளிவிடாதவள். பொய் அவள் வாயில் வராது, மன்னிப்பும் வராது. கம்ப்ரசர் பழுதுபார்க்க உள்நாட்டிலிருந்து வந்த முத்துக்குமார் என்ற பையனோடு ஜெசிந்தா போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டபோது, மெற்றில்டா அழவுமில்லை, திட்டவுமில்லை. கதவைச் சாத்தினாள். பிரசவத்துக்குப் பின்னால் காய்ச்சலில் கிடக்கிறாள், அம்மாவைப் பார்க்கணும் என்கிறாள் என்று சேதி வந்தபோது, பார் இறக்குகிற நேரம் என்று சொல்லிவிட்டாள். அவள் மனசு அசையாமல் இல்லை. ஆனால் ஒருமுறை போய்விட்டால் அதுவரை போகாமலிருந்த நாளெல்லாம் எதற்கு என்று யாராவது கேட்பார்களே, வேறு யாரும் கேட்காவிட்டாலும் தானே கேட்டுக்கொள்வோமே என்று பயந்தாள். பிடிவாதமும் ஐஸ் மாதிரிதான். பிடித்திருக்கிற கைக்குத்தான் முதலில் உணர்ச்சி போகும். அடுத்த சேதி சாவுச் சேதியாக வந்தபோது கை முற்றிலும் மரத்திருந்தது. "எனக்கு அப்படி ஒருத்தி கெடையாது" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு முழுக்க அவள் கம்பெனியை ஓட்டினாள்.

கடைசியில் தொம்மைதான் சொன்னார். கஸ்பார் காலத்திலிருந்து கம்பெனியில் இருக்கிறவர் அவர். அவளைவிட வயதில் மூத்தவர் என்றாலும் முதலாளி என்பதால் அக்கா என்று கூப்பிட்டுப் பழகியவர்.

"அக்கா, ஒரு விஷயம். கோவப்படக் கூடாது."

"ஐஸ் கிரஷர் மறுபடியும் நின்னுபோச்சா?"

"அதில்ல. நம்ம ஜெசி வந்திருக்கு."

மெற்றில்டா கையிலிருந்த சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தாள். "செத்தவ செத்தவதான் தொம்மை. சாயங்காலம் குடிக்கிறத கொறச்சுக்கிடும்."

"மாதா மேல சத்தியமா, நான் ஒரு சொட்டுத் தொடல. நேத்து கோயில்ல பக்கத்துல நின்னு பேசினேன். நல்லாருக்கீங்களா மாமான்னு கேட்டுச்சு."

அவள் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் முற்பகலில் ஊர்ப் பெண்கள் திரண்டு, சீலியாவும் மரியபுஷ்பமும் முன்னால் வர, கம்பெனி வாசலுக்கே வந்துவிட்டார்கள். மெற்றில்டா வெளியே வந்து பார்த்தாள். பெண்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி, நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு நின்றார்கள். எல்லார் முகமும் அந்த இடத்தைப் பார்த்தது, பிறகு அவளைப் பார்த்தது. அந்த இடத்தில் ஈர மணலும், கிழிந்த வலைத்துண்டு ஒன்றும் கிடந்தன. வேறொன்றுமில்லை.

"எங்க?" என்றாள் மெற்றில்டா.

"இந்தா, முன்னாடிதான நிக்கா" என்றாள் சீலியா. "ஏ ஜெசி, அம்மாகிட்ட பேசு."

ஊர் அமைதியாக எதையோ கேட்டது. சிலர் தலையை ஆட்டினார்கள். ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஒரே நேரத்தில் துடிக்கிற அந்த முகங்களைப் பார்த்த மெற்றில்டாவுக்கு, தன்னை நடுவில் நிறுத்திவைத்து ஊர் கூத்துக் கட்டுகிறது என்றுதான் தோன்றியது. வாழ்க்கையில் முதல்முறையாக அவள் குரல் உடைந்தது. "போங்கடி. செத்த புள்ளைய வச்சு வெளையாடாதீங்க" என்று கத்திவிட்டு உள்ளே போய்க் கதவை அறைந்தாள். அவர்கள் கலைந்து போகிறபோது ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கம்பெனி நாய், யாரையும் மதிக்காத நாய், அந்த வெற்றிடத்துக்குப் பக்கத்திலேயே வாலை ஆட்டிக்கொண்டு, எதையோ அண்ணாந்து பார்த்தபடி நடந்து போயிற்று. நாய்க்குக் கூத்துக் கட்டத் தெரியாது. மெற்றில்டா நாற்காலியில் உட்கார்ந்து, தொம்மையை உள்ளே கூப்பிட்டாள்.

"அவ என்ன சொன்னா?" என்று தொம்மையிடம் கேட்டாள்.

தொம்மை தரையைப் பார்த்தார்.

"சொல்லும் வே. நீரும் அங்கதான நின்னீரு."

"ஊரு கேட்டுச்சு அக்கா, அம்மாவ மன்னிச்சிட்டேன்னு சொல்லு தாயின்னு. அதுக்கு அது, 'அப்படி ஒண்ணும் இல்ல, எனக்கு இன்னும் கோவம் இருக்கு'ன்னு சொல்லிச்சு. அப்ப எதுக்கு வந்தேன்னு சீலியா கேட்டா. 'எங்க அம்மா மனசத் திருப்ப வந்தேன்னு நீங்களாத்தான் நெனைச்சுக்கிட்டீங்க. நான் பாட வந்தேன். கிறிஸ்மஸ் பாட்டு எனக்குப் புடிக்கும். அங்க பாட்டு இல்ல'ன்னு சொல்லிச்சு."

தொம்மை இதைச் சொல்லிவிட்டு அடி வாங்கக் காத்திருக்கிறவர்போல நின்றார். ஆனால் மெற்றில்டா அப்போதுதான் நம்பினாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அது ஊர் கட்டிய கதை. இன்னும் கோபம் இருக்கிறது என்று சொன்னவள் தன் மகள்தான். அந்தக் கோபம் எந்த வயிற்றிலிருந்து போனது என்று அவளுக்குத் தெரியும்.

அன்றிலிருந்து மெற்றில்டா தினமும் சாயங்காலம் கம்பெனியைத் தொம்மையிடம் விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தது. அவள் இரண்டாம் குரல் வரிசையைப் பார்த்தாள். சீலியா தெரிந்தாள், மரியபுஷ்பம் தெரிந்தாள், இரண்டு பேருக்கும் நடுவே பின்சுவரில் மாட்டியிருந்த சிலுவைப்பாதைப் படம் தெரிந்தது. பார்த்துப் பார்த்து, ஒரு நிழல், ஒரு மூச்சு, சேலை உரசுகிற ஓசை என்று எதையாவது பிடித்துவிடலாமா என்று கண்ணைச் சுருக்கினாள், மூடினாள், கண்ணீர் வரும்வரை இமைக்காமல் திறந்தே வைத்திருந்தாள், ஒன்றும் பிடிபடவில்லை. அவள் நடிக்கிறாள் என்று ஊரில் பாதிப்பேர் சொன்னார்கள். பாவம் கண்ணை மறைக்குது என்று மீதிப்பேர் சொன்னார்கள். அவள் கண் திறக்க ஒன்பது நாள் நவநாள் வேண்டினார்கள். கண்ணைக் காக்கும் லூசியம்மாள் சுரூபத்துக்கு வெள்ளியில் கண்மலர் சாத்தினார்கள். லில்லிபாய், எதற்கும் இருக்கட்டும் என்று, மகள் வாங்கி வைத்திருந்த கண் சொட்டுமருந்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். மெற்றில்டா அதையும் மறுக்காமல் வாங்கி, சுவரில் சாய்ந்துகொண்டு, இரண்டு கண்ணிலும் விட்டுக்கொண்டாள். மருந்து எரிந்தது. அவ்வளவுதான்.

"அவளுக்கு என்ன வேணும்னு கேளும்" என்று தொம்மையைத் தூது அனுப்பினாள்.

"ஒண்ணும் வேண்டாமாம்."

"எவ்வளவு நாள் இருப்பாளாம்?"

"கிறிஸ்மஸ் பூசை முடிஞ்சதும் போயிருவாளாம். அதுக்கு மேல பாட்டு இல்லையே."

மெற்றில்டா கொஞ்சம் தயங்கினாள். "புள்ளையப் பாத்தாளா?"

தொம்மை மறுபடியும் போய்விட்டு வர அதிக நேரம் எடுத்துக்கொண்டார். திரும்பி வந்தபோது அவர் முகம் கறுத்திருந்தது. "பாக்கலயாம் அக்கா. கடல் சத்தம் கேக்குற தூரம் வரைக்கும்தான் அதால நடக்க முடியுதாம். தெனமும் பாட்டுக்கு முன்னால பனங்காட்டு ஓரம் வரைக்கும் போயி, சத்தம் நிக்கிற எடத்துல நின்னுட்டுத் திரும்பி வருதாம்."

மறுநாள் காலையில் மெற்றில்டா, திருவிழாவுக்குக்கூட உடுத்தாத பட்டை எடுத்து உடுத்தி, பிறகு அதை அவிழ்த்துப் போட்டுவிட்டுச் சாதாரணச் சேலையை உடுத்திக்கொண்டு, முத்துக்குமார் இருந்த வேப்பங்காட்டூருக்குப் பஸ் ஏறினாள். பஸ் பனங்காட்டைத் தாண்டும்போது, கடல் சத்தம் எந்த இடத்தில் நிற்கிறது என்று அவள் உற்றுக் கேட்டாள். பிறந்ததிலிருந்து காதில் இருந்த அந்தச் சத்தம் நின்ற இடத்தில் ஒரு மைல்கல்லும் இல்லை, மரமும் இல்லை, வெறும் செம்மண் தரிசு.

முத்துக்குமார் வீட்டோடு சேர்ந்த ஒரு சின்னப் பட்டறையில் மோட்டார் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான், பழைய பழக்கத்தில். பிறகு எழுந்ததற்குத் தன்மேலேயே எரிச்சல் பட்டவன்போல மறுபடியும் உட்கார்ந்துகொண்டான்.

"என்ன ஓனரம்மா, வழி தெரிஞ்சு வந்துட்டீங்க?"

அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஜெசிந்தா வந்தது, பாடுவது, பனங்காட்டு ஓரம் வரைக்கும் நடப்பது, தன் கண்ணுக்கு மட்டும் தெரியாமலிருப்பது. அவன் அதையெல்லாம் நம்பாமல் இல்லை. ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். பட்டறைக்கும் வீட்டுக்கும் இடையிலிருந்த வாசற்படியில் பாவாடை கட்டிய சின்னப் பெண் ஒன்று உட்கார்ந்து, மரக்கரண்டியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

"புள்ளையக் கூட்டிட்டு வா. கிறிஸ்மஸ் வரைக்கும்தான் இருப்பா."

"எதுக்கு?" என்றான் அவன். "அம்மா எங்க, அம்மா எங்கன்னு கேட்டுக் கேட்டு இப்பத்தான் நிப்பாட்டியிருக்கா. கூட்டிட்டு வந்து, இந்தா ஒங்கம்மான்னு காட்டிட்டு, பூசை முடிஞ்சதும் மறுபடியும் பறிச்சுக்கிட்டு வரணுமா? ஒரு தடவ செத்தது பத்தாதா?"

மெற்றில்டா வாசற்படியிலிருந்த பிள்ளையைப் பார்த்தாள்.

"அவ சாகுறதுக்கு முன்னால கேட்டா, நீங்க வரல. செத்த பெறவு ரெண்டு பார் ஐஸ் கேட்டு ஆள் அனுப்புனேன். எனக்கு ஐஸ் கெடைக்காமயா? இங்கயே கெடைக்கும். ஐஸ்ஸச் சாக்கா வச்சாவது வருவீங்கன்னு பாத்தேன். நீங்க வர்ற வரைக்கும் ஒடம்பு கெடாம இருக்கணும்னு பாத்தேன். நீங்க ஐஸ்ஸும் அனுப்பல."

அது அவளுக்குத் தெரியும். எதற்காகக் கேட்கிறான் என்பதும் அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் அனுப்பவில்லை. அவள் அதைச் சொல்லவில்லை. சொன்னால் மனசு கொஞ்சம் இறங்கும், ஆனால் அந்தப் பாரம் அவன்மேல் ஏறும். "நீ சொல்லுதது சரிதான்" என்று மட்டும் சொன்னாள். பிள்ளைக்கு அவளைக் காட்டக் கூடாது என்று அவன் சொன்னதுதான் ஒரு தகப்பன் சொல்லவேண்டியது என்று அவளுக்குத் தோன்றியது. திரும்பி நடந்தபோது பின்னால் அந்தச் சின்னப் பெண்ணின் குரல் கேட்டது.

"யாருப்பா அது?"

ஸ்பேனரின் சத்தம் நின்றது. "ஐஸ் கம்பெனியில இருந்து வந்திருக்காவ" என்றான்.

கிறிஸ்மஸுக்கு முதல் நாள் கடல் ஏறியது. புயல் கரையைத் தொடும் என்று ரேடியோ சொன்னது, ஓடுகள் பறந்தன, குடிலுக்குப் போட்ட வைக்கோலைக் காற்று வாரிக்கொண்டு போயிற்று, ரெமிஜியுஸ் சாமி நடுச்சாமப் பூசையை நிறுத்தி, மறுநாள் பகலில் காற்று அடங்கினால் மணி அடிப்பேன், மணி கேட்டால் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். மறுநாள் மத்தியானத்துக்கு மேல்தான் மணி அடித்தது. வானம் ஈயம்போலக் கிடந்தது. ஊர் ஈரத்தோடு ஈரமாக வந்து கோயிலை நிறைத்தது. இரண்டு லாஞ்சிகள் இன்னும் திரும்பவில்லை. அந்த வீட்டுப் பெண்களும் வந்து முன்வரிசையில் முக்காட்டுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். மெற்றில்டா கடைசி பெஞ்சில் இருந்தாள்.

பூசை தொடங்கி, முதல் வாசகம் முடிகிற நேரத்தில், கதவைத் தள்ளிக்கொண்டு முத்துக்குமார் உள்ளே வந்தான். சாக்கைத் தலையில் போட்டு, அதற்கடியில் பிள்ளையைத் தோளில் சாய்த்திருந்தான். பஸ் ஓடவில்லை; பாதி வழி லாரியிலும் பாதி வழி முழங்கால் தண்ணீரிலும் வந்திருந்தான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வேறு இடமில்லாததால் மெற்றில்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஒங்களுக்காக வரல" என்றான், அவள் பக்கம் திரும்பாமல். "புள்ளைக்காகவும் இல்ல. எனக்குப் பாக்கணும்போல இருந்துச்சு. தாங்க முடியல."

பிறகு அவன் பாடகர் குழுவைப் பார்த்தான். அவன் உடம்பு முழுவதும் ஒருமுறை ஆடி நின்றது. பிள்ளை தோளிலிருந்து சரிந்தது. அவன் கைகள் அதைப் பிடிக்கவில்லை. மெற்றில்டாவின் கைகள் பிடித்தன. ஈரமாய், சூடாய், எதிர்பார்த்ததைவிடக் கனமாய் அது அவள் மடியில் வந்து விழுந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மெழுகுவத்திகளைப் பார்த்தது, குடிலைப் பார்த்தது, நீலச் சேலை கட்டிய பெண்கள் வரிசையைப் பார்த்தது.

"அங்க யாரு பாடுதா?" என்றது.

"எல்லாரும் பாடுதாவ" என்றாள் மெற்றில்டா. அதற்கு மேல் சொல்ல அவளுக்கு உரிமை இல்லை என்று நினைத்தாள். பிள்ளை வரிசையை ஒருமுறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்துவிட்டு, எந்த முகத்திலும் நிற்காமல், வாயில் விரலைப் போட்டுக்கொண்டது. பிறந்த சில நாளிலேயே இழந்த முகத்தை அது எப்படி அடையாளம் காணும்? முத்துக்குமார் பயந்தது நடக்கவில்லை. நடந்தது அதைவிடத் துயரமாக இருந்தது.

பாடல் எழுந்தது. ஊர் முழுக்க அன்றைக்குக் கேட்ட பாடலை, அதைக் கேட்டவர்கள் எல்லாரும் சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பார்கள்: மூன்று குரலும் ஒரே கயிறாக முறுக்கிக்கொண்டு கூரையைத் தொட்டதாம், திரும்பாத லாஞ்சிக்காரர்களின் பெண்கள் முக்காட்டை விலக்கி நிமிர்ந்தார்களாம். மெற்றில்டாவுக்கு அந்தப் பாடல் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது ஓட்டை விழுந்த பாடல். முதல் குரல் ஒரு சொல்லை நீட்டி வைத்துவிட்டு இரண்டாம் குரலுக்காக ஒதுங்குகிற இடத்தில், அவள் காதுக்கு மட்டும், ஒன்றுமில்லை. ஆனால் அத்தனை நாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்ததில், அந்த ஒன்றுமில்லை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்று அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது. அவள் தொண்டைக்குள், சத்தம் வராமல், அந்த இடங்களை மட்டும் மூச்சால் நிரப்பிக்கொண்டே போனாள். மடியிலிருந்த பிள்ளை அவள் கழுத்து அசைவதை விரலால் தொட்டுப் பார்த்தது.

பூசை முடிந்தது. கூட்டம் நடுவில் பிளந்து வழிவிட்டது. சீலியா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பியூஸ் வாத்தியார் எழுந்து நின்று, கண்ணாடியைக் கழற்றினார். ஒரு ஆள் அகலமுள்ள வெற்றிடம், பீடத்திலிருந்து வாசலை நோக்கி மெதுவாக நடந்து வந்ததை மெற்றில்டா பார்த்தாள். அதாவது, அதற்காக விலகுகிறவர்களைப் பார்த்தாள். அது கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. முத்துக்குமார் என்னவோ சொன்னான். அவள் காதுக்கு அது வெறும் அழுகையாகத்தான் கேட்டது. மெற்றில்டா பிள்ளையைத் தூக்கி, அந்த இடத்துக்கு நேராக, இரண்டு கையாலும் நீட்டிப் பிடித்தாள். கையை இறக்கவில்லை. பிள்ளை காற்றில் காலை உதைத்துக்கொண்டு, எதையோ பார்த்து, மரியாதையாக, புது ஆட்களைப் பார்த்துச் சிரிப்பதுபோலச் சிரித்தது. பிறகு கூட்டம் வாசல் பக்கம் விலகியது. பிறகு மூடிக்கொண்டது.

எல்லாரும் போனபிறகு அவள் தொம்மையைக் கூப்பிட்டாள். "என்னையத் தொட்டாளா?"

தொம்மை பொய் சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து, விட்டுவிட்டார். "இல்லக்கா. புள்ளையத்தான் பாத்துச்சு. புள்ள கன்னத்தத் தொட்டுச்சு. அப்புறம் போயிருச்சு."

"என்னையப் பாத்தாளா?"

"இல்ல."

அவள் தலையை ஆட்டினாள். திரும்பாத லாஞ்சிகளில் ஒன்று அன்று இருட்டுவதற்குள் வந்தது. இன்னொன்று வரவில்லை.

அதற்குப் பிறகு வந்த கிறிஸ்மஸ் எதிலும் ஜெசிந்தா வரவில்லை. முத்துக்குமார் வருஷாவருஷம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஒருபோதும் மெற்றில்டாவை அத்தை என்று கூப்பிடவில்லை. ஆனால் பள்ளிக்கூடம் லீவு விட்டால் பிள்ளையைக் கல்முகத்துறையில் விட்டுவிட்டுப் போனான். ஊர் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிப் பழுக்கவைத்தது. சொல்லுகிறபோது முதலில் இரண்டு விதமாக இருந்தது, பிறகு ஒரே விதமாயிற்று: ஜெசிந்தா தாயை மன்னிக்க வந்தாள் என்றும், பாட்டு முடிந்த நொடியில் மெற்றில்டாவின் கண் திறந்தது என்றும், இருவரும் கோயில் நடுவில் கட்டிக்கொண்டு அழுதார்கள் என்றும், கேட்டவர் நெஞ்சு உருகியது என்றும். அங்கே நின்று கண்ணால் பார்த்தவர்களே அப்படிச் சொன்னார்கள், பொய் என்று தெரியாமல் சொன்னார்கள். பக்கத்துத் துறைகளிலிருந்தும் உள்நாட்டிலிருந்தும் ஜனங்கள் அதைக் கேட்கவும், கிறிஸ்மஸ் பூசைக்கு அந்தக் கடைசி பெஞ்சில் உட்காரவும் வந்தார்கள். மெற்றில்டா அப்போதெல்லாம் எழுந்து கம்பெனிக்குப் போய்விடுவாள். நடக்காத ஒன்றை நடந்தது என்று கேட்பது அவளுக்கு அம்மோனியாவை முகர்வதைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஒரு கிறிஸ்மஸ் அன்று பூசை முடிந்த மத்தியானம், வெளியூர்ப் பெண் ஒருத்தி கேட்டுக் கேட்டு ஐஸ் கம்பெனிக்கே வந்துவிட்டாள். மெற்றில்டா வயதுதான் இருக்கும். நல்ல சேலை, கையில் ஒரு தூக்குவாளி, காலில் ஊர்ப் புழுதி. தன் பேர் அருளாயி என்றாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"நீங்கதான அந்த அம்மா?"

"என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம். ஒண்ணே ஒண்ணு கேக்கணும்." அவள் தூக்குவாளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "எனக்கு ஒரு மவன். டவுன்லதான் இருக்கான். உசிரோடதான் இருக்கான். பேசி எவ்வளவோ வருஷமாச்சு. அவன் கட்டிக்கிட்டவள வீட்டுக்குள்ள விட மாட்டேன்னு சொன்னது நாந்தான். இந்தா பலகாரம் சுட்டு எடுத்துட்டுக் கெளம்பிட்டேன், பாதியில எறங்கிட்டேன். போனா மூஞ்சியத் திருப்பிக்கிட்டான்னா? அதான் உங்களக் கேக்க வந்தேன். செத்த புள்ளையே திரும்பி வந்து உங்களக் கட்டிக்கிடுச்சாமே. எப்படி இருந்துச்சும்மா? கட்டிக்கிட்டப்ப?"

 தொம்மை, வாசலில் சாக்கு மடித்துக்கொண்டிருந்தவர், கையை நிறுத்தினார். மெற்றில்டா அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஒரு பயம் இருந்தது. அதை அவள் எங்கே கண்டாலும் தெரிந்துகொள்வாள். சேதி வந்த அன்றைக்குக் கண்ணாடியில் பார்த்திருக்கிறாள்.

"சூடா இருந்துச்சு" என்றாள் மெற்றில்டா. "செத்தவ ஒடம்பு ஐஸ் மாதிரி இருக்கும்னு நெனைச்சேன். இல்ல. காய்ச்சல்காரி மாதிரி அப்படியொரு சூடு."

"ஏதாச்சும் சொல்லிச்சா?"

"சாப்பிட்டீங்களாம்மான்னு கேட்டா."

அருளாயி வாயைத் திறந்து அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். மெற்றில்டா செருப்பை மாட்டிக்கொண்டு, அவளோடு தானும் நடந்து நிறுத்தம் வரை போய், முன்சீட்டில் இடம் பிடித்து உட்காரவைத்து, தூக்குவாளியை மடியில் கொடுத்தாள். தொம்மை மூச்சிரைக்கப் பின்னாலேயே வந்து சேர்ந்தார்.

"அக்கா," என்றார் அவர், தாழ்ந்த குரலில், "அப்படி ஒண்ணும் நடக்கலையே."

"சத்தம் போடாதீரும் வே" என்றாள் மெற்றில்டா. "பஸ்ஸு கெளம்பட்டும்."